மலையும் மடுவும்: ஸ்பேம் தடைப்பட்டியல்களை மின்னஞ்சல் லாக் கொண்டு சீரமைத்த அனுபவம்

ஒரு நடுத்தர நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வரைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் அமைப்பில், ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைத் தொகுத்துத் தரும் ஏழு தடைப்பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. அவற்றை யார், எப்போது, எதற்காகச் சேர்த்தார்கள் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. எனக்கு முன்பிருந்தவர் விட்டுச்சென்ற ஒரே உதவி ஒரு சிறு ஸ்கிரிப்ட். அது சர்வரின் நிகழ்வுகள் பதிவாகும் லாக் கோப்பில் உள்ள நிராகரிப்பு வரிகளைப் பட்டியல்வாரியாக எண்ணி, மாதம் ஒருமுறை அறிக்கையாக அனுப்பும். அந்த அறிக்கையில் முதல் பட்டியல் மலைபோல் நிற்கும்; இரண்டாவது அதன் முழங்கால் அளவுக்குக்கூட வராது; ஆறாவதற்கு எதிரே ஒற்றை இலக்கம், ஏழாவதற்கு எதிரே பூஜ்யம். பயனில்லாத பட்டியல்களுக்காக ஒவ்வொரு இணைப்பின்போதும் டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்த்தேடல் முறையில் கேள்வி அனுப்புவது வீண் என்று கருதி, முதல் மாதமே கடைசி இரண்டையும் நீக்கினேன். எண்களைப் பார்த்து எடுத்த முடிவு என்பதால் அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

சில வாரங்கள் கழித்து, முதல் பட்டியலின் பதில்கள் தாமதமாக வந்துகொண்டிருந்ததால் அதை வரிசையின் கடைசிக்கு நகர்த்தினேன். அடுத்த அறிக்கையில், அதுவரை இரண்டாவதாக இருந்த பட்டியல் மலையாகியிருந்தது. பழைய மலை மடுவாகியிருந்தது. வரும் ஸ்பேமின் தன்மை மாறவில்லை, பட்டியல்களின் உள்ளடக்கமும் பெரிதாக மாறவில்லை. வரிசை மட்டும்தான் மாறியிருந்தது.

காரணம் எளியது, ஆனால் அதுவரை எனக்கு உறைக்கவில்லை. ஒரு சர்வர் நம்மோடு இணையும்போது அதன் ஐபி முகவரியைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, பட்டியலின் டொமைன் பெயரோடு ஒட்டி, டிஎன்எஸ் வழியாகக் கேட்கிறோம். 192.0.2.25 என்ற முகவரி 25.2.0.192 என்று மாறிப் பெயரின் முன்னால் அமரும். பட்டியலில் இருந்தால் 127.0.0.2 போன்றதொரு பதில் வரும். இல்லையென்றால் அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பதில் வரும். போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புச் சொற்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆர்பிஎல் என்ற எழுத்துகள், 1997-இல் பால் விக்ஸி தொடங்கிய முன்னோடிப் பட்டியலின் பெயரிலிருந்து வந்தவை. பட்டியல்களை வரிசையாக எழுதும்போது, ஏதாவது ஒன்று 'இருக்கிறது' என்று சொன்ன உடனே போஸ்ட்ஃபிக்ஸ் இணைப்பை நிராகரித்துவிட்டு, மீதமுள்ளவற்றைக் கேட்காமலேயே நிறுத்திக்கொள்கிறது. ஆகவே லாக்கில் பதிவாவது முதலில் பிடித்தவரின் பெயர் மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒரு நாளில் ஸ்பேம் அனுப்பும் 1,000 முகவரிகள் வருகின்றன, முதல் பட்டியல் 900-ஐயும் இரண்டாவது 50-ஐயும் நிராகரிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பட்டியல் தனியாக நின்றிருந்தால் 920-ஐப் பிடித்திருக்கக்கூடும். அதாவது 870 முகவரிகள் இரண்டுக்கும் பொதுவானவை, முதல் பட்டியலுக்கு மட்டுமே தெரிந்தவை வெறும் 30. அறிக்கை இதைக் காட்டாது. வரிசையில் முதலில் நிற்பதன் எண்ணிக்கை அது பிடித்தவற்றின் மொத்தம்; கடைசியில் நிற்பதன் எண்ணிக்கை மற்ற எதற்கும் தெரியாமல் அது மட்டும் பிடித்தவை; இடையில் நிற்பவற்றின் எண்ணிக்கை இரண்டிலும் சேராத ஒன்று. வெவ்வேறு பொருளுடைய எண்களை ஒரே பத்தியில் அடுக்கி, பெரியது எது, சிறியது எது என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இதற்குத் தீர்வாக அமைந்தது, போஸ்ட்ஃபிக்ஸ் 2.8 பதிப்பிலிருந்து கிடைக்கும் போஸ்ட்ஸ்கிரீன். புதிதாக வரும் ஒவ்வோர் இணைப்புக்கும் அது எல்லாப் பட்டியல்களையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. ஒவ்வொரு பட்டியலுக்கும் நாம் தந்த மதிப்பெண்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை வரம்பைத் தொட்டால் மட்டுமே நிராகரிக்கிறது. அதற்குத் துணையாக இயங்கும் டிஎன்எஸ்பிளாக் என்ற நிரல், இன்ன முகவரி இன்ன பட்டியலில் இன்ன பதிலோடு உள்ளது என்று ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனி வரியை லாக்கில் எழுதுகிறது. எனக்கு வேண்டியிருந்தது அந்த வரிகள்தான். நீக்கிய இரண்டையும் திரும்பச் சேர்த்து, ஏழையும் ஒரு மாதம் ஓடவிட்டு, ஒவ்வொரு முகவரிக்கும் எந்தெந்தப் பட்டியல்கள் ஆம் என்றன என்ற அட்டவணையைத் தயாரித்தேன்.

அட்டவணை தயாரிப்பதில் நான் செய்த தவறுகளைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் இவற்றில் ஏதாவது ஒன்று மிஞ்சியிருந்தாலும் முடிவு தலைகீழாகிவிடும். தொடக்கத்தில் வரிகளை எண்ணினேன். பழைய முறையில் நிராகரிப்பு பெறுநர்வாரியாகப் பதிவாகும். இருபது பேருக்கு அனுப்ப முயன்ற ஒரே இணைப்பு இருபது வரிகளாக நிற்கும். மேலும் விடாக்கண்டனாக ஒரு பாட் (தானியங்கி நிரல்) ஒரே முகவரியிலிருந்து நாள் முழுவதும் கதவைத் தட்டினால், அதைப் பட்டியலிட்டவருக்கெல்லாம் அந்த நாளில் பெரும்புகழ் சேரும். எனவே ஒரு நாளில் ஒரு முகவரியை ஒருமுறை மட்டுமே எண்ணுவது என்று முடிவு செய்தேன்; ஐபிவி6 முகவரிகளில் அதுவும் போதாது, முதல் 64 பிட்டுகளை மட்டும் ஒரு அலகாகக் கொள்ள வேண்டும், இல்லையெனில் ஒரே எந்திரம் ஆயிரம் வேடங்களில் வந்து கணக்கைக் குலைக்கும். டிஎன்எஸ்பிளாக் எழுதும் வரியையும் போஸ்ட்ஸ்கிரீன் எழுதும் முடிவையும் இணைக்கப் பொதுவான அடையாள எண் எதுவும் இல்லாததால், முகவரியையும் நேரத்தையும் வைத்தே பொருத்த வேண்டியிருந்தது. முன்பே தேர்ச்சி பெற்ற சர்வர்களைப் போஸ்ட்ஸ்கிரீன் தன் கேஷில் வைத்துக்கொண்டு, அந்தத் தேர்ச்சி காலாவதியாகும்வரை மீண்டும் சோதிக்காமல் விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்த இணைப்புகளுக்குப் பட்டியல் வரி இல்லாதது, பட்டியலில் அவை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஒரு மாத முடிவில் அட்டவணை சொன்ன முதல் செய்தி, எங்கள் ஏழு பட்டியல்கள் உண்மையில் ஏழு அல்ல என்பது. ஸ்பேமைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் ஜென் என்பது, அதன் எஸ்பிஎல், எக்ஸ்பிஎல், பிபிஎல் ஆகிய தனிப்பட்டியல்களை ஒன்றாகத் தொகுத்துத் தரும் பட்டியல். எங்கள் அமைப்பில் ஜென்னும் இருந்தது, எக்ஸ்பிஎல் தனியாகவும் இருந்தது. வரிசை முறையில் இது வெறும் வீண்கேள்வி. மதிப்பெண் முறையிலோ இது ஆபத்து, ஏனெனில் ஒரே சாட்சி இரண்டு முறை கூண்டில் ஏறிச் சொன்னதை இரண்டு சாட்சியங்களாகக் கூட்டுகிறோம். தனியாக இருந்ததை அன்றே எடுத்துவிட்டேன்.

அதே அட்டவணையில் நான்காவது பட்டியல் என் மனத்தைக் கவர்ந்தது. வேறு எந்தப் பட்டியலுக்கும் தெரியாத முகவரிகளை மிக அதிகமாகப் பிடித்தது அதுதான். இதல்லவா உழைக்கும் பட்டியல் என்று எண்ணி, அது தனியாகவே நிராகரிக்கப் போதுமான மதிப்பெண்ணை அதற்குக் கொடுத்தேன். பத்து நாட்களுக்குள் ஒரு சக ஊழியர், தாம் கேட்டிருந்த விலைப்புள்ளி இன்னும் வரவில்லை என்றும், அனுப்பியவரோ அது திரும்பி வந்துவிட்டதாகச் சொல்கிறார் என்றும் கேட்டுக்கொண்டு வந்து நின்றார். லாக்கில் தேடியபோது, அந்தக் கடிதத்தைத் தடுத்தது நான்காவது பட்டியல் மட்டுமே. தவறு செய்த ஒரு முகவரிக்காக அதன் அக்கம்பக்கத்து முகவரித் தொகுதி முழுவதையும் பட்டியலில் ஏற்றுவது அதன் வழக்கம்; கடிதம் அனுப்பிய நிறுவனம் அந்தத் தெருவில் குடியிருந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை.

ஒரு பட்டியல் தனியாகப் பிடித்தவற்றின் எண்ணிக்கையில்தான் அதன் சிறப்பும் இருக்கிறது, அதன் பிழைகளும் இருக்கின்றன. ஐந்து பட்டியல்கள் ஒருசேரச் சுட்டும் முகவரியில் தவறு நேர்வது அரிது. ஒன்று மட்டும் சுட்டும் இடத்தில்தான் நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த எண் பெரிதாக இருப்பது பாராட்டா, எச்சரிக்கையா என்பதை எண்ணே சொல்லாது.

எப்படிப் பார்ப்பது என்பதில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தவறான நிராகரிப்பு என்பது நம் பக்கத்தில் சத்தமில்லாத நிகழ்வு; அனுப்பியவருக்குத்தான் கடிதம் திரும்பும், பெறுநருக்கு ஒன்றுமே தெரியாது. எனவே புகார்களின் எண்ணிக்கையைப் பிழைகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளவே கூடாது. முதலில் செய்ய வேண்டியது, போஸ்ட்ஸ்கிரீனை உடனே துண்டிக்கும்படி அல்லாமல், பெறுநர் முகவரி வரை கேட்டுவிட்டு நிராகரிக்கும்படி அமைப்பது. உடனே துண்டித்தால் சர்வருக்குச் சுமை குறையும் என்பது உண்மையே, ஆனால் அனுப்புநர் யார், பெறுநர் யார் என்ற இரண்டும் லாக்கில் இருக்காது. அவை இல்லாமல் எந்த விசாரணையும் நடத்த முடியாது.

அந்த விவரங்கள் கையில் இருந்தால், எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை ஒன்று சாத்தியமாகிறது: நிராகரிக்கப்பட்ட அனுப்புநரின் டொமைனை, நம் ஊழியர்கள் கடந்த மூன்று மாதங்களில் கடிதம் அனுப்பிய டொமைன்களோடு ஒப்பிடுவது. நாம் எழுதியவர் நமக்கு எழுதும்போது தடுக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் பதில் கடிதம்தான். இரண்டு விவரங்களும் ஒரே லாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன, ஒன்று வெளிச்செல்லும் வரிகளில், மற்றொன்று உள்வரும் நிராகரிப்புகளில். அவற்றை இணைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. அனுப்புநர் முகவரியைப் போலியாக இடுபவர்கள் ஏராளம் என்பதால், இணைந்த ஐபி முகவரிக்கு டிஎன்எஸ்ஸில் பெயர்ப்பதிவு ஒழுங்காக இருக்கிறதா, தன் பெயரில் எந்தெந்தச் சர்வர்கள் கடிதம் அனுப்பலாம் என்று ஒரு டொமைன் அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவு அந்த ஐபியை அனுமதிக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றும் பொருந்தி வந்தால் அந்த நிராகரிப்பு தவறு என்று துணிந்து சொல்லலாம். இந்தச் சோதனை இப்போது எங்கள் சர்வரில் தினமும் காலையில் ஓடுகிறது. பெரும்பாலான நாட்களில் வெறுமையாகவே வருகிறது, ஆனால் வெறுமையாக இல்லாத நாட்களில் சக ஊழியர் என் மேசைக்கு வருவதற்கு முன்பே நான் அவரிடம் போகிறேன்.

நிராகரிக்கப்பட்ட சர்வர் மீண்டும் முயல்கிறதா என்பதையும் ஓர் அடையாளமாகக் கொள்ளலாம் என்று சொல்வார்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: 554 போன்ற நிரந்தர மறுப்பைக் கண்டால் ஒழுங்கான சர்வர் அந்தக் கணமே கைவிட்டு அனுப்பியவருக்குத் தெரிவித்துவிடும், திரும்ப வராது, 450 போன்ற தற்காலிக மறுப்பைக் கண்டால்தான் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் வரும். போஸ்ட்ஃபிக்ஸ் தன் இயல்பமைப்பில் ஐந்து நாட்கள் வரை முயன்றுகொண்டிருக்கும். எனவே புதிய பட்டியலைச் சோதிக்கும் வாரத்தில் தற்காலிக மறுப்பைப் பயன்படுத்தினால், நாம் செய்த தவறைக் கண்டுபிடித்துத் திருத்த அவகாசம் கிடைக்கிறது. அதைவிடவும் பாதுகாப்பான வழி, நிராகரிக்காமல் 'நிராகரித்திருப்பேன்' என்று லாக்கில் மட்டும் எழுதவைக்கும் அமைப்பு. எந்தப் பட்டியலையும் இப்படி இரண்டு வாரம் வேடிக்கை பார்க்காமல் நான் இப்போது சேர்ப்பதில்லை.

பதில் குறியீடுகளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமும் இந்தக் காலத்தில்தான் வந்தது. ஜென்னில் 127.0.0.2 என்றால் எஸ்பிஎல், 127.0.0.4 எக்ஸ்பிஎல், 127.0.0.10-உம் 11-உம் பிபிஎல். கடைசியாகச் சொன்னது, தானே நேரடியாகக் கடிதம் அனுப்பத் தேவையில்லாத வீட்டு இணைய முகவரிகளின் பட்டியல். வெளிச் சர்வர்களின் கடிதங்கள் வந்துசேரும் 25-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) அது மிகவும் நல்லது, நம் பயனர்கள் கடவுச்சொல்லோடு நுழையும் 587-ஆம் போர்ட்டில் அது நம் ஊழியர்களையே வெளியே நிறுத்தும். வீட்டிலிருந்து கடிதம் போகவில்லை என்ற நீண்டகாலப் புகார் ஒன்று, அந்தப் போர்ட்டின் வரிகளில் 10, 11 ஆகிய குறியீடுகள் மட்டும் குவிந்திருப்பதைப் பார்த்த அன்று ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

குறியீட்டைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இன்னொரு காலைப்பொழுது காட்டியது. அன்று உள்பெட்டிகளில் ஸ்பேம் வெள்ளம். ஆனால் என் அட்டவணையோ, எங்கள் மிக நம்பகமான பட்டியல் முந்தைய இரவிலிருந்து வந்த முகவரிகள் அத்தனையையும் பிடித்திருப்பதாகக் காட்டியது. நூற்றுக்கு நூறு. பட்டியல் எல்லாவற்றையும் பிடிக்கிறது, ஸ்பேமும் எல்லாம் உள்ளே வருகிறது என்ற முரணைப் பார்த்துச் சிறிது நேரம் திகைத்துவிட்டு, வரிகளைத் திறந்தேன். எல்லாப் பதில்களும் 127.255.255.254. பராமரிப்புப் பணியின்போது சர்வருக்காக டிஎன்எஸ் கேள்விகளைக் கேட்டுத் தரும் ரிசால்வர், யாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு பொது ரிசால்வருக்கு மாற்றப்பட்டிருந்தது. பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விக்குப் பதில் தரமாட்டோம் என்பதை ஸ்பாம்ஹாஸ் அந்தக் குறியீட்டால் தெரிவிக்கிறது. போஸ்ட்ஸ்கிரீனில் 127.0.0.2 முதல் 11 வரையான பதில்களை மட்டும் ஏற்கும்படி எழுதியிருந்ததால் அது அந்தப் பதில்களைப் புறக்கணித்தது, ஆகவே ஸ்பேம் நுழைந்தது. டிஎன்எஸ்பிளாக் எந்தப் பதிலானாலும் லாக்கில் எழுதிவிடும் என்பதால் என் அட்டவணை ஏமாந்தது. அந்த வரம்பை எழுதாமல் விட்டிருந்தால் அன்று ஒரு கடிதமும் உள்ளே வந்திருக்காது. அன்றே அதே எந்திரத்தில் அன்பவுண்ட் என்ற ரிசால்வரை நிறுவி, கேள்விகள் எங்கள் சொந்த முகவரியிலிருந்தே போகும்படி செய்தேன்.

பட்டியல்கள் இறந்துபோவதும் உண்டு, சில இறந்த பிறகு பேயாகவும் வரும். 2006 டிசம்பரில் மூடப்பட்ட ஓஆர்டிபி என்ற பட்டியல், தன்னை இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தவர்களை நிறுத்தவைக்க 2008 மார்ச்சில் எல்லா முகவரிகளுக்கும் 'ஆம்' என்று சொல்லத் தொடங்கியது. 2021 ஜனவரி இறுதியில் ஸ்பாம்காப்பின் டொமைன் காலாவதியானபோதும், சிறிது நேரத்துக்கு உலகமே அதன் பட்டியலில் இருப்பதுபோல் ஆனது. நீண்டகாலம் இயங்கிய சார்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது. இதற்கு ஒரு மலிவான காவல் இருக்கிறது. ஆர்எஃப்சி 5782 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தின்படி ஐபிவி4 பட்டியல் எதிலும் 127.0.0.2 இருக்க வேண்டும், 127.0.0.1 இருக்கக் கூடாது. இந்த இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு பட்டியலிடமும் மணிக்கு ஒருமுறை கேட்டு, பதில் மாறினால் எனக்குச் செய்தி அனுப்பும் நான்கு வரி ஸ்கிரிப்ட், நான் எழுதியவற்றில் மிகச் சிறியது, மிக அதிகம் உழைத்தது. அதோடு, டிஎன்எஸ் தேடல் தோல்வி என்ற எச்சரிக்கை வரிகளையும் எண்ணத் தொடங்கினேன். நிராகரிப்பு என்ற சொல்லை மட்டும் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அவை கண்ணில் பட்டதே இல்லை.

லாக்கால் நேரடியாகச் சொல்ல முடியாத ஒன்று, தப்பித்து உள்ளே வந்த ஸ்பேம். அதற்கு உள்ளடக்கத்தைச் சோதிக்கும் ஆர்ஸ்பாம்டியின் லாக்கைத் துணைக்கு எடுத்தேன். எந்தப் பட்டியலிலும் இல்லாமல் நுழைந்து, பிறகு ஆர்ஸ்பாம்டியிடம் ஸ்பேம் என்று மாட்டிய கடிதங்களின் முகவரிகளை, ஐந்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி நேரம், ஒரு நாள் என்ற இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் பட்டியல்களிடம் கேட்டுப் பார்த்தேன். கணிசமானவை இரண்டு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பட்டியலில் ஏறிவிட்டிருந்தன. எங்கள் குறை பட்டியல்களின் தேர்வில் இல்லை, அவற்றை நாங்கள் கேட்ட நேரத்தில் இருந்தது. புதிய ஸ்பேம் அலையின் முதல் வரிசையில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பழைய லாக்கை எடுத்து இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டு, 'இந்தப் பட்டியல் இருந்திருந்தால் பிடித்திருக்கும்' என்று சொல்வது ஏன் ஏமாற்று என்பதும் இதிலிருந்தே விளங்கும். பெயர்ப்பதிவு சரியில்லாத, முன்பின் தெரியாத முகவரிகளை மட்டும் சிறிது நேரம் காத்திருந்து வரச்சொல்லும் கிரேலிஸ்டிங் முறையை அதன் பிறகு அமைத்தேன். எல்லோருக்கும் அதை விதிக்கவில்லை, ஏனெனில் பெரிய மின்னஞ்சல் சேவைகள் ஒவ்வொரு முயற்சிக்கும் வேறு முகவரியிலிருந்து வரக்கூடும், கடிதம் மணிக்கணக்கில் அலையும்.

இன்று வரம்பு 3. ஜென்னுக்கு 3, அதாவது அதன் சொல் மட்டுமே போதும். என்னை மயக்கிய நான்காவது பட்டியலுக்கு 2. அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் அதன் சொல்லை, வேறொருவர் வழிமொழிந்தால் மட்டுமே ஏற்கிறோம். நம்பிக்கைப் பட்டியலான டிஎன்எஸ்டபிள்யூஎல்லுக்கு எதிர்மறை மதிப்பெண். பயனர்களின் முகவரிகள் அடங்கிய மூல லாக் நான்கு வாரத்தில் அழிந்துவிடுகிறது, நாள்வாரியான எண்ணிக்கைச் சுருக்கம் மட்டும் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது.

முதல் மாதமே நான் நீக்கிய அந்த இரண்டு பட்டியல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாவது, திரும்பச் சேர்த்துச் சோதித்தபோது 127.0.0.2-க்குக்கூடப் பதில் சொல்லவில்லை; அது எப்போதோ மூடப்பட்டிருந்தது, அதன் பூஜ்யம் மரணத்தின் பூஜ்யம். ஆறாவதற்கு வரிசையில் கிடைத்த ஒற்றை இலக்கமும் பொய்யில்லை, அது தனியாகப் பிடிப்பது உண்மையிலேயே மிகக் குறைவு. ஆனால் நான்காவது பட்டியல் சரியாகப் பிடித்த முகவரிகளில் பெரும்பாலானவற்றை அதுவும் பிடித்திருந்தது. நான்காவது தவறாகப் பிடித்தவற்றில், அந்த விலைப்புள்ளி அனுப்பியவர் உட்பட, நான் சரிபார்த்த எதையும் அது தொடவில்லை. அதற்கு 1 மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். நான்காவதன் 2-உடன் சேர்ந்தால் வரம்பைத் தொடும், தனியாக நின்றால் யாரையும் தடுக்காது.